கோட்டை மான்கள் தின்னாத பூக்கள்

தண்டவாளம் முடிகிற ஊரில் ஸ்டேசன் மாஸ்டராக இருப்பதில் ஒரு பெருமை உண்டு: எந்த ரயிலும் நிற்காமல் போய்விட முடியாது. எழுபதுகளின் தொடக்கத்தில் திருகோணமலையில் அப்பாவுக்கு அந்தப் பெருமை இருந்தது. வேலை போக மிச்ச நேரத்தை மேடைக்குப் பக்கத்துப் பூந்தோட்டத்தில் செலவிடுவார். ஸ்டேசன்களுக்கிடையே தோட்டப் போட்டி நடக்கும். அதில் பரிசு வாங்குகிறவருக்குக் கேட்ட இடத்துக்கு மாற்றம் கிடைக்கும் என்பது அப்பாவின் நம்பிக்கை. அவர் கேட்கவிருந்த இடம் அநுராதபுரம்.

அம்மா சாம்பல்தீவில் பிறந்தவள். கலியாணம் முடித்து அப்பாவோடு ஊர் ஊராக அலைந்து, கடைசியில்தான் தாய்வீட்டுக்கு பஸ்ஸில் போய்வரக்கூடிய இடத்துக்கு வந்திருந்தாள். அநுராதபுரக் கதை எழும்பினால் எதிர்த்து ஒரு சொல் சொல்லமாட்டாள். குசினிக்குள் போய் ஏதாவதொரு சட்டியைத் தேய்ப்பாள். சட்டி அழுக்கு என்றுதான் எனக்குப் பட்டது.

தோட்டத்துக்கு எதிரி கோட்டை மான்கள். ஒல்லாந்தர் காலத்துக் கோட்டைக்குள், பெரிய மரங்களின் கீழ் பகல் முழுவதும் படுத்திருந்துவிட்டு, இருட்டியதும் ஊருக்குள் இறங்கிவரும். ரோசா, செம்பரத்தை, செவ்வந்தி என்று அப்பா எதை நட்டாலும் விடியும்போது தண்டு மட்டும் நிற்கும். வேலியை ஒரே தாவாகத் தாண்டிவிடும். கோட்டைக்குள் இருக்கும் கோயிலுக்குப் போகிற வழியில் நிற்கிற பிராணிகள் என்பதால் கல்லெறியவும் யாருக்கும் மனம் வராது.

அம்மாவின் தம்பியான மாமாதான் யோசனை சொன்னார். மான் தின்னுகிறதை நட்டு மானோடு மல்லுக்கட்டாமல், மான் தின்னாததைக் கண்டுபிடித்து நடவேண்டும். அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கோட்டைக்குப் போனார். ஒரு மரவேரில் குந்தியிருந்து, மான்கள் எதை மணந்து பார்த்துவிட்டு விலகுகின்றன என்று பார்ப்பது என் வேலை. பட்டிப்பூவை அவை சட்டைசெய்யவில்லை. எருக்கைச் சுற்றிக்கொண்டு போயின. கார்த்திகைப்பூ ஒரு வேலியில் நெருப்பாக எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. ஆனால் யாரோ ஒருவர் சாக்கிலிருந்து வற்றாளை என்கிற சர்க்கரைவள்ளிக்கிழங்குக் கொடியைக் கொட்டியதும், படுத்திருந்ததுகளும் எழும்பி ஓடிவந்து ஒன்றையொன்று இடித்தன.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அம்மாவிடம் ஒப்புவித்தேன். என் கதையை அவ்வளவு கவனமாக அவள் அதற்குமுன் கேட்டதில்லை.

"அப்ப எதுக்குப் பிள்ளை அடிபட்டதுகள்?" என்றாள்.

"வற்றாளைக் கொடிக்கு. கொம்பன் மானே வந்து மற்றதுகளைத் தள்ளினது."

"இலையையோ, தண்டையோ?"

"இரண்டையும்தான்."

அடுத்த கிழமை அப்பாவும் மாமாவும் நானும் தண்டவாளத்தில் ஓடுகிற தள்ளுவண்டியில் சீனக்குடாப் பக்கம் போய், தண்டவாளக் கரையோரம் மழைக்கு முளைத்திருந்தவற்றை மண்ணோடு கிண்டி வந்தோம். வண்டியைத் தள்ளிய தொழிலாளர்கள் சிரித்தார்கள். வழக்கமாக அவர்கள் வெட்டி எறிகிற பூண்டுகள் அவை. நட்டுச் சில கிழமைகளில் தோட்டம் வேறு தோட்டமாகிவிட்டது. காலையில் வேலிக்கு வெளியே குளம்படி இருக்கும். உள்ளே ஒரு இதழும் குறைந்திருக்காது. அப்பா அநுராதபுரத்து குவாட்டர்ஸில் எத்தனை அறை என்று விசாரிக்கத் தொடங்கினார்.

போட்டி நடுவர்கள் வருவதற்கு முதல்நாள் காலையில்தான் அம்மா தோட்டத்தைப் பார்க்க வந்தாள். முன்வரிசையில் நின்ற எருக்கைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, பாழ்வீட்டிலை முளைக்கிறதை ஆரும் வாசலிலை நட்டு வளர்ப்பினமோ? ரயிலேறுற சனம் என்ன நினைக்கும்?"

அப்பா நடுவர்களுக்குப் பயந்ததைவிடச் சனத்துக்குப் பயந்தவர். எருக்கு முழுவதையும் பிடுங்கச் சொன்னார். முன்வரிசை குழியும் மண்ணுமாகக் கிடந்தது. அவர் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றபோது அம்மா ஆறுதலாகச் சொன்னாள், தாய்வீட்டு வளவில் வற்றாளை வேரோடு நீளமாகப் படர்ந்து கிடக்கிறது, தம்பி போனால் மத்தியானத்துக்குள் கொண்டுவந்துவிடுவான் என்று. மாமா அக்காவின் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார். நான் பள்ளிக்கூடத்தால் வரும்போது முன்வரிசை பச்சைப்பசேலென்று கிடந்தது. அப்பா அம்மாவைப் பார்த்து, "உம்மட கைராசி" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா செய்தால் ஒரு காரணம் இருக்கும். வேரோடு வந்த கொடியை மான் தின்னாது போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

விடியும்போது வற்றாளையில் ஒரு இலை இல்லை. கூட்டமாக வந்து அடிபட்டதில் கார்த்திகைக் கொடி அறுந்து, பட்டிப்பூ சேற்றுக்குள் மிதிபட்டுக் கிடந்தது. காலை ரயிலில் வந்தவர்கள் நல்ல மனிதர்கள்; தேநீர் குடித்துவிட்டுக் கடற்காற்றைப் பற்றிப் பேசிப் போனார்கள். அநுராதபுரக் கதை அதோடு நின்றது. அப்பா அன்று முழுவதும் ஸ்டேசன் கந்தோர் அறையை விட்டு வெளியே வரவில்லை.

பின்னேரம் குசினி வாசலில் நின்று அம்மாவிடம் கேட்டேன்.

"நான் சொன்னனான்தானே அம்மா, வற்றாளைக்குத்தான் மான் ஓடிவரும் எண்டு?"

அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமல், "ஓம் பிள்ளை, சொன்னனீ. எனக்கு மறந்து போச்சு" என்றாள்.

எனக்குப் பாவமாக இருந்தது. அம்மாவுக்கு ஞாபகசக்தி குறைகிறது என்று பயந்து, அன்று தொடக்கம் நெடுநாளாக எதையும் அவளுக்கு இரண்டு தரம் சொல்லிவந்தேன்.