நிமிடத்துக்கு நானூறு எழுத்து

சதுரக்கோட்டுக் கொப்பியிலிருந்து கிழித்த ஒரு தாள். எங்கள் கந்தோர்ச் சுவரில், வானொலிப் பெட்டிக்கு மேலே, சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தது. நீல மையில், ஒரு வெட்டுக்கூட இல்லாமல் நான்கு வரிகள். நிமிடத்துக்கு 400 எழுத்து. இருபது நிமிடத்துக்கு 8000 எழுத்து. ஆளுக்கு 50 எழுத்து. ஆகவே 160 பேர். எழுதியவர் எங்கள் பொறுப்பாளர். கணித ஆசிரியராக இருந்து இளைப்பாறியவர். எல்லோரும் மாஸ்ரர் என்றே கூப்பிட்டோம், இங்கும் அப்படியே எழுதுகிறேன். இரண்டு வருடம் அந்தத் தாளுக்குக் கீழே இருந்துதான் வேலை செய்தேன். கிழித்தெறிய வேண்டும் என்று நினைத்த நாட்கள் உண்டு. கிழிக்கவில்லை. நான் அப்படித்தான். நினைப்பேன், செய்ய மாட்டேன்.

தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு குடாநாட்டில் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை, கொழும்புக்குத் தரைவழியும் இல்லை. இங்கே வைத்தியம் பார்க்க முடியாத நோயாளரைக் கப்பலில் கொழும்புக்கு அனுப்புவதற்கு ஒரு நிவாரண அமைப்பு உரும்பிராயில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக் கந்தோர் திறந்தது. கப்பல் ஆறேழு கிழமைக்கு ஒருமுறை வரும், ஒன்றரை மாதம் என்று வையுங்கள். வருவதற்கு முன் நோயாளரின் பெயர்ப் பட்டியல் கொழும்புக்குப் போய், அனுமதி கிடைக்க வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாதவர் கப்பலில் கால் வைக்க முடியாது. பட்டியலை வானொலி வழியாக எழுத்து எழுத்தாக அனுப்ப ஒரு பெட்டி தந்திருந்தார்கள். ஒரு கப்பலுக்கு ஒரு பட்டியல், அதற்கு ஒரே ஒரு காலைநேரம், பத்து மணியிலிருந்து பத்து இருபது வரை. அதற்குப் பிறகு கொழும்பு வேறு ஊர்க் கந்தோருடன் பேசப் போய்விடும். நான் பட்டியலைத் தட்டச்சுச் செய்பவள். பெட்டியை இயக்க ஒரு ஒப்பரேற்றர். பருத்தித்துறை ஆள், வள்ளம் வைத்திருந்த குடும்பம், வாய் கொஞ்சம் கூட. எங்கள் இரண்டு பேருக்கும் மேலே மாஸ்ரர்.

பெட்டி வந்த அன்று அதனுடன் வந்த புத்தகத்தில் செக்கனுக்கு நூறு பிட் என்று போட்டிருந்தது. ஒரு எழுத்துக்கு ஏழு பிட். மாஸ்ரர் அப்போதே பேனையை எடுத்தார். நூறை அறுபதால் பெருக்கினால் நிமிடத்துக்கு ஆறாயிரம் பிட். ஏழால் பிரித்தால் எண்ணூற்று ஐம்பத்தேழு எழுத்து. மணித்தியாலத்துக்கும் போட்டுப் பார்த்தார், ஐம்பதாயிரத்தைத் தாண்டியது. முகத்தில் அப்படியொரு சந்தோஷம். ஒப்பரேற்றர் கதவில் சாய்ந்துகொண்டு பார்த்தான்.

"மாஸ்ரர், உது மூண்டு எழுத்தைச் சொல்லிப்போட்டுக் கேட்டுதோ எண்டு நிக்கும். அங்காலையிருந்து ஓம் எண்டு வந்தாத்தான் அடுத்த மூண்டைச் சொல்லும். நீங்கள் வாய் மூடாமல் கதைக்கிற ஆளுக்கெல்லோ கணக்குப் போட்டிருக்கிறியள்."

"ஆரையடா சொல்லுறாய்?"

"பெட்டியைத்தான் சொன்னனான்."

நான் சிரித்துவிட்டேன். மாஸ்ரர் சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த நாள் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்து, பரீட்சைக்கு ஒரு பக்கத்தை அனுப்பச் சொல்லி, போன எழுத்துகளை எண்ணினார். நிமிடத்துக்கு நானூறுதான். அதன் பிறகுதான் அந்தத் தாள் சுவருக்கு ஏறியது. செக்கனை அறுபதால் பெருக்கினால் நிமிடம் வரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். மேசையில் வரும். அந்த நிமிடத்துக்குள் பெட்டி எவ்வளவு நேரம் வாய் மூடிக் காத்திருக்கிறது என்று மேசைக்குத் தெரியாது. மாஸ்ரருக்கு ஒருமுறை அது விளங்கியது. அந்த ஒருமுறையோடு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். அதுதான் அவரில் எனக்குப் பிடிக்காதது.

ஆளுக்கு ஐம்பது எழுத்து என்றால் பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம், நோய், கூடப் போகிறவர். எல்லாம் ஆங்கில எழுத்தில், சுருக்கமாக. முதல் இரண்டு கப்பலுக்கும் அப்படித்தான் போனது. மூன்றாம் பட்டியல் பதியும்போது இளைப்பாறிய ஸ்ரேசன் மாஸ்ரர் ஒருவர் வந்தார். தன்னுடைய வரியை வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன்.

"முப்பத்திமூண்டு வருசம் றெயில்வேயிலை இருந்தனான் பிள்ளை. வெறும் பேரைப் போட்டு அனுப்புறீர். வழியிலை மறிக்கிறவனுக்கு நான் ஆரெண்டு என்னண்டு தெரியும்?"

அவர் சொன்னதில் வெறும் பெருமை மட்டும் இல்லை, பயமும் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. அரசாங்கத்தில் வேலை பார்த்தவர் என்று கடதாசியில் இருந்தால் ஆமி மரியாதையாக விடும் என்று சனம் நம்பியது. எங்கள் மாஸ்ரர் அந்த உத்தியோகத்தை உடனே வரியில் சேர்க்கச் சொன்னார். அந்தக் கதை ஒரு கிழமைக்குள் கோப்பாய், வட்டுக்கோட்டை எல்லாம் பரவியது. பிறகு வந்தவர் எல்லாம் இளைப்பாறியவர்கள்தான். இளைப்பாறிய தலைமை எழுதுவினைஞர், இளைப்பாறிய அதிபர், சமாதான நீதவான், கோயில் தர்மகர்த்தா. முன்பே பதிந்துவிட்டுப் போனவர்களும் திரும்பி வந்து சேர்க்கச் சொன்னார்கள். ஒரு மனிசி, செத்துப்போன புருஷன் தபாலதிபராக இருந்ததைத் தன் பெயருக்குப் பின்னால் போடுவித்தா. தோட்டம் செய்தவனும் கடலுக்குப் போனவனும் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களுக்குச் சேர்க்க ஒன்றும் இருக்கவில்லை.

பதிவு முடிய மூன்று நாள் இருக்கும்போது என் கணவரின் கண்ணில் இரும்பு பாய்ந்தது. கோப்பாய்ச் சந்தியில் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருந்தார். புது உதிரிப்பாகம் வராத காலம், பழைய இரும்பை அடித்து வளைத்து அச்சாணி செய்வார். ஒரு சிராய் தெறித்து வலக்கண்ணுக்குள் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கண் டாக்குத்தர் ஒளித்து மறைக்காமல் சொன்னார். இரண்டு கிழமைக்குள் கொழும்பில் எடுக்க வேண்டும், விட்டால் அந்தக் கண் போகும், அதைப் பார்த்து மற்றக் கண்ணும் போகலாம். அவரை 157ஆம் ஆளாகப் பதிந்தேன். மேலே போடச் சொல்லி மாஸ்ரரிடம் கேட்டேன். கேட்டதற்கு நான் வெட்கப்படவில்லை.

"எல்லாருக்கும் அவசரம்தான் பிள்ளை. உம்மடை ஆளைத் தூக்கி மேலை போட்டால் நாளைக்கு ஆர் இந்தக் கந்தோரை நம்புவினம்?"

அது நியாயம். அதனால்தான், பதிவு முடிந்த அன்று, அடுத்ததைக் கேட்டேன். எத்தனையோ வருடமாகத் தட்டச்சுச் செய்கிறவள், ஒரு தாளில் எத்தனை எழுத்து என்று என் கைக்கே தெரியும்.

"பட்டியல் எண்ணாயிரத்தைத் தாண்டுது மாஸ்ரர். பட்டங்களை வெட்டுவம்."

"நூற்றியறுபது பேர், ஆளுக்கு ஐம்பது. எண்ணாயிரம். நான் போட்ட கணக்கு."

"அந்த ஐம்பதுக்குள்ளை ஸ்ரேசன் மாஸ்ரர் இல்லையே."

"சில பேர் சின்னப் பேர். கூட்டிக் குறைச்சுச் சரிவரும். ஒருதற்றை மரியாதையிலையும் கைவைக்க எனக்கேலாது. அப்பிடி வேணுமெண்டால் கொழும்பிலை ரெண்டு நிமிசம் கூடக் கேக்கலாம்."

கேட்கவில்லை. அவர் யாரிடமும் ஒன்றும் கேட்கிற ஆள் இல்லை. நான் அன்று பின்னேரம் அவருக்குத் தெரியாமல் பட்டங்களை அழித்துவிட்டு அனுப்பியிருக்கலாம். அவர் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாக வாசித்தார் என்று சொல்லித் தப்பலாம். வாசித்தார்தான். ஆனால் அவர் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விட்டார், நான் ஆறு மணி வரை அங்கே இருந்தேன்.

அடுத்த நாள் பத்து மணிக்குத் தொடங்கியது. பெட்டி மூன்று எழுத்துச் சொல்லும், நிற்கும், மூன்று எழுத்துச் சொல்லும், நிற்கும். போகிற எழுத்துகள் பக்கத்தில் தாளில் அச்சாகி விழுந்தன. ஸ்ரேசன் மாஸ்ரருடைய உத்தியோகம் முழுவதும் போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒவ்வொரு மூன்றாக, ஆறுதலாக, கல்யாண ஊர்வலம் போலப் போனது. பத்தே காலுக்கு நூற்றுப் பத்தாவது ஆளைக்கூடத் தாண்டவில்லை. ஒப்பரேற்றர் மாஸ்ரரின் முகத்தைப் பார்த்தான்.

"இன்னும் அம்பது பேர் கிடக்கு மாஸ்ரர். மைக்கை எடுத்து நேரம் கூடக் கேளுங்கோவன்."

"இடையிலை குழப்பினால் விட்டுப்போகும். ஓடட்டும்."

பத்து இருபதுக்குக் கொழும்பு இணைப்பை வெட்டியது. நூற்று நாற்பத்துநான்காம் ஆளின் பெயர் பாதியில் நின்றது. மாஸ்ரர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "நேரம் சரி," என்றார். கப்பல் வந்து போனது. அடுத்தது ஏழு கிழமை கழித்து வந்தது. அதில்தான் என் கணவர் போனார். கொழும்பில் வலக்கண்ணை எடுத்தார்கள். இடக்கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சியது. சைக்கிள் கடைக் கதவைத் திறக்க வேண்டிய தேவை அதன் பிறகு வரவில்லை.

இவர் கொழும்பிலிருந்து திரும்பிய கிழமை மாஸ்ரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அந்தப் பட்டியலில் இருந்த பட்டங்களை மட்டும் எண்ணிக் கொண்டுவந்திருந்தார். முப்பத்தேழு பேருக்கு எண்ணூற்றுப் பதினான்கு எழுத்து. நிமிடத்துக்கு நானூறு என்றால் இரண்டு நிமிடமும் இரண்டு செக்கனும்.

"அதை விட்டிருந்தால் எல்லாரும் போயிருப்பினம்," என்றார். "அடுத்த பட்டியலிலையிருந்து ஒருதருக்கும் பட்டம் போடுறேல்லை எண்டு முடிவெடுத்திருக்கிறன்."

இவர் கட்டுப் போட்ட முகத்தைக் குரல் வந்த பக்கம் திருப்பினார்.

"ரெண்டு நிமிசத்திலை நான் ஒரு செயின் பூட்டுவன் மாஸ்ரர். இப்ப அதுக்கும் கண் இல்லை. எழும்பிப் போம்."

மாஸ்ரர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. விடைத்தாளில் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தியதோடு கடமை முடிந்தது என்பது போல வந்தார், போனார். இனி அந்த மனிதனின் பேச்சே இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று இவர் சொன்னார். நான் வேலைக்குப் போனேன். எங்களுக்குச் சாப்பாடு அந்தச் சம்பளத்தில்தான்.

தொண்ணூற்றைந்தில் ஆமி முன்னேறி வர, எங்கள் வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே வீதியால் தென்மராட்சிக்குப் போனது. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் ஒரு துண்டு மட்டும் சொல்கிறேன். நாவற்குழிப் பாலத்துக்கு நாங்கள் வர விடிந்து வெகுநேரமாகிவிட்டது. மழை. இவர் என் தோளைப் பிடித்தபடி நடந்தார். சனம் நெருக்கியதில் இரண்டு தரம் விழுந்தார், இரண்டாம் தரம் முழங்கால் கிழிந்து நடக்க முடியவில்லை. பாலம் தாண்டி ஒரு மதகில் இருத்தினேன். அப்போது ஒரு சைக்கிள் என் முன்னால் நின்றது. மாஸ்ரர். கரியரில் ஒரு தகரப் பெட்டி கட்டியிருந்தார், அதற்கு மேலே உடுப்பு மூட்டை. என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். பிறகு கயிற்றை அவிழ்த்துப் பெட்டியையும் மூட்டையையும் வீதியோரச் சேற்றில் இறக்கி வைத்துவிட்டு, கரியரைக் கையால் தட்டிக் காட்டினார்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. இவருடைய முழங்காலைப் பார்த்தேன். பிடித்து ஏற்றினேன்.

"ஆரப்பா?" என்று இவர் கேட்டார்.

"ஆரோ ஒரு ஆள்," என்றேன். "கைதடி மட்டும் கொண்டுவந்து விடுறாராம்."

மாஸ்ரர் அதைக் கேட்டார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சைக்கிளைத் தள்ளத் தொடங்கினார். கைதடி வரை இவர் கதைத்துக்கொண்டே வந்தார், எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். அவர் ஒரு சொல் பேசவில்லை. வாயைத் திறந்தால் குரல் தெரிந்துவிடும். இறக்கிவிட்டபோது இவர் அந்தக் கையைத் தேடிப் பிடித்து, "நல்லாயிருக்க வேணும் ஐயா," என்றார். மாஸ்ரர் கையை விடுவித்துக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போனார். பெட்டி இருந்ததா, யாரும் எடுத்துவிட்டார்களா என்று எனக்குத் தெரியாது. நான் அவருக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

இப்போது கோப்பாயில் எங்கள் வீட்டுக்கே கம்பி வழியாக இணையம் வந்துவிட்டது. செக்கனுக்கு எத்தனை கோடி பிட் என்று அதன் விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். அதை நிமிடத்துக்கு மாற்றிப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. போன மாதம் மாஸ்ரர் செத்த செய்தி அதன் வழியாகத்தான் வந்தது, படத்தோடு, கண் இமைக்கும் முன். இவருக்கு வாசித்துச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"என்ரை கண்ணைத் திண்டவன்," என்றார். பிறகு தண்ணீர்ச் செம்பைத் தடவி எடுத்துக் குடித்தார். "அண்டைக்குப் பாலத்தடியிலை சைக்கிளிலை ஏத்தின அந்த மனிசன் உயிரோடை இருக்கிறாரோ தெரியாது. ஆரெண்டு கேட்டு வைக்காமல் விட்டிட்டீர்."

அந்த ஆளுக்காக இவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பிள்ளையாரிடம் கும்பிடுகிறார். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. மாஸ்ரரைத் திட்டுவதும் அவ்வளவு காலமாகத்தான்.

"சனத்துக்குள்ளை எங்கை கேக்கிறது," என்று சொல்லி இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.