பெருமுக்கல் கோவிந்தம்மாளின் டெலிபோன் பங்கு

திண்டிவனம் மார்க்கெட்டில் கோவிந்தம்மாள் தலை தெரிந்தால் போதும், கீரைக்காரிகள் முற்றல் கட்டுகளை அடியில் தள்ளிவிடுவார்கள். தள்ளியதை அவள் கண்டுபிடித்துவிடுவாள் என்பது வேறு விஷயம். முதலில் சொன்ன விலைக்கு அவள் எதையும் வாங்கியதில்லை, விற்றதும் இல்லை. பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை பாக்கி வைத்தால் இறங்கவே மாட்டாள், வண்டிதான் நிற்கும். "சரின்னு ஒரு வார்த்த சொன்னா வாயில இருக்கிற முத்தா கொட்டிடும்?" என்று அவள் புருஷன் பாண்டுரங்கன் எப்போதாவது கேட்பான். எப்போதாவதுதான். அவன் கோர்ட்டில் டவாலி. பகலெல்லாம் ஊரார் பேரைக் கூவிக் கூவித் தொண்டை வற்றிப்போய் வீட்டுக்கு வந்தால், அவன் வாயிலிருந்து பேச்சைப் பிடுங்கத் தனியாக ஆள் வைக்கவேண்டும்.

அவர்களுக்குப் பெருமுக்கல்லில் கொஞ்சம் நிலம் இருந்தது. பாகம் பிரித்தபோது கிணறு இவர்கள் பக்கம் வந்தது. பாண்டுரங்கனின் அண்ணன் பெரியதம்பி சும்மா இருப்பாரா? வரப்பை ஒட்டித் தன் பக்கத்தில் ஒரு போர் போட்டார். அடுத்த கோடையிலேயே கோவிந்தம்மாளின் கிணற்றில் தவளை குதிக்கக்கூடத் தண்ணீர் இல்லை. அவள் வரப்பில் நின்று ஊர் கேட்கக் கத்தினாள். "அந்த ஆளு போர் தண்ணியில வாய்கூட கொப்பளிக்க மாட்டேன். எங்க நெலத்துல நானே ஒரு போர் போட்டுக் காட்டல, என் பேரு கோவிந்தம்மா இல்ல!"

அன்றிலிருந்து அவளுக்கு அந்த ஒரே நினைப்புதான். போர், போர், போர்.

எண்பத்தைந்தில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, நன்றாக விளைந்தது. விற்ற பணம் போருக்குப் போதும், மோட்டாருக்கும் பைப்புக்கும் போதாது. அந்த நேரம் பார்த்து மண்டிக்கு வந்தான் விழுப்புரம் தேவநாதன். பேண்ட், சட்டை, கக்கத்தில் ஒரு ரெக்ஸின் பை. பங்கு வாங்க விண்ணப்பம் எழுதிக்கொடுக்கிற ஏஜென்ட். 'பாலாறு டெலிபோன் கருவிகள்' என்று மெட்ராஸில் புதிதாக ஒரு கம்பெனி, டெலிபோன் பெட்டி செய்யப்போகிறார்கள், பங்கு போட்டால் ரெண்டு வருஷத்தில் இரட்டிப்பாகும் என்றான். மண்டியில் எல்லோரும் சிரித்தார்கள். கோவிந்தம்மாள் சிரிக்கவில்லை. அவள் கணக்கே வேறு. அவள் தெரு டாக்டரே டெலிபோனுக்கு எழுதிப்போட்டு வருஷக்கணக்காகக் காத்துக்கிடக்கிறார். இத்தனை பேர் வேண்டும் வேண்டும் என்று வரிசையில் நிற்கிற சரக்கைச் செய்கிறவன் எப்படி நஷ்டப்படுவான்? யோசித்துப் பார்த்தால் அதில் தப்பே இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

போருக்கு வைத்த பணம் முழுவதும் பங்கானது. பங்கு விலையும் கொஞ்ச நாள் ஏறத்தான் செய்தது. அப்புறம் அந்தக் கம்பெனிக்காரன் காலாகாலத்தில் கணக்குக் காட்டவில்லை என்று, இனி அந்தப் பங்கை யாரும் விற்கவும் கூடாது வாங்கவும் கூடாது என்று பங்கு மார்க்கெட்டில் நிறுத்திவைத்துவிட்டார்கள். தப்புப் பண்ணினவன் மெட்ராஸில் காரில் போகிறான். காகிதத்தை வைத்துக்கொண்டு முழிக்கிறவள் திண்டிவனத்தில்.

தேவநாதனின் ஆபீஸ் என்பது விழுப்புரம் ஸ்டேஷனுக்கு எதிரே ஜவுளிக்கடை மாடியில் ஒரு அறை. வெள்ளிக்கிழமையானால் பாலாறு பங்கு வைத்திருந்தவர்கள் எல்லாம் அந்த மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார்கள். ஸ்கூல் வாத்தியார், மருந்துக்கடைக்காரர், கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு துபாய்க்காரரின் மச்சான், ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயரான சவுரிராயன். டெலிபோன் செய்கிற கம்பெனிக்குச் சொந்தக்காரர்கள் இவர்கள். ஒருவர் வீட்டிலும் டெலிபோன் கிடையாது. மெட்ராஸ் புரோக்கரைக் கேட்கவேண்டுமென்றால் கீழே ஜவுளிக்கடையில் கெஞ்சி டிரங்க் கால் புக் பண்ணவேண்டும். காலையில் புக் பண்ணினால் சாயங்காலம் மணி அடிக்கும். தேவநாதன் ஓடுவான். "அலோ... அலோ... சார், பாலாறு... பாலாறு சார்... ஆறு இல்ல சார், டெலிபோனு..." அத்தோடு கட்டாகிவிடும்.

"இவனுங்க செய்யிற டெலிபோன் இந்த லட்சணம்னா கம்பெனி எங்கருந்து விளங்கும்?" என்பாள் கோவிந்தம்மாள்.

"யக்கா, கொஞ்சம் பொறுங்க. கணக்கெல்லாம் குடுத்துட்டாங்களாம். அடுத்த மாசம் கண்டிப்பா மார்க்கெட்டுக்கு வந்துடும்."

"நீ சொல்ற அடுத்த மாசம் எந்தப் பஞ்சாங்கத்துலப்பா இருக்குது? ரெண்டு தீவாளி போயிடுச்சு. வாரா வாரம் பஸ்ஸுக்குக் குடுத்த காச சேத்து வெச்சிருந்தா மோட்டாரே வாங்கியிருப்பேன்."

சவுரிராயன்தான் சமாதானம் பண்ணுவார். "உடும்மா. கோளாறுன்னு நடுவழியில நின்ன வண்டி எத்தினி பாத்திருக்கேன். லேட்டாவும், ஆனா வந்துடும்."

"உங்களுக்கு பென்ஷன் வருதுங்க ஐயா. பேசுவீங்க."

இதற்கிடையில்தான் அந்தக் காரியம் நடந்தது. ஐப்பசி மழையில் திண்டிவனத்து வீடு ஒழுகியது. பெட்டிக்குள் கரையான் ஏறி, பாண்டுரங்கனின் சர்வீஸ் புத்தகத்தில் ஒரு மூலையைத் தின்றுவிட்டது. கோவிந்தம்மாள் பெட்டியையே தரையில் கவிழ்த்தாள். பங்குப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தாள், நல்ல வேளை, முழுசாக இருந்தது. அந்த வெள்ளிக்கிழமையே அதைக் கொண்டுபோய், விழுப்புரத்தில் புதிதாகத் திறந்திருந்த லேமினேஷன் கடையில் கொடுத்தாள். பத்திரத்தின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் வைத்துச் சூடாக அழுத்தி, பளபளவென்று எடுத்துக் கொடுத்தான் கடைக்காரன். அவனிடமும் பேரம் பேசித்தான் கொடுத்தாள்.

"தண்ணியில போட்டு எடுத்தாலும் ஒண்ணும் ஆவாதும்மா. உங்க பேரப்புள்ள காலம் வரைக்கும் அப்பிடியே இருக்கும்."

அவளுக்கு ஏக சந்தோஷம். நிலப்பத்திரம் எழுதுகிற குடும்பத்துப் பெண். பத்திரம் என்றால் கசங்காமல் கிழியாமல் காப்பாற்றவேண்டியது, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். நிலத்தை விற்றால் புது முத்திரைத்தாளில் புதுசாகக் கிரயம் எழுதுவார்கள், பழைய பத்திரத்தின் மேல் யாராவது கிறுக்குவார்களா? மாடிப்படியில் சவுரிராயனிடம் மட்டும் தூரத்திலிருந்தே காட்டினாள், கையில் கொடுக்கவில்லை. அவர் தன் பத்திரத்தை பிஸ்கட் டப்பாவில் ரசகற்பூரம் போட்டு வைத்திருப்பதாகச் சொன்னார்.

"பிஸ்கட்டு டப்பாவுலயா? எலி பிஸ்கட்டுன்னு தின்னுட்டுப் போவப்போவுது. நீங்களும் இதுமாதிரி போட்டுக்கங்க ஐயா, கஞ்சத்தனம் பண்ணாதீங்க" என்று கிண்டல் வேறு.

மார்கழியில் தேவநாதன் வேறு மாதிரிப் பேசினான். இந்தத் தடவை நிச்சயம், தை பிறந்தால் பாலாறு பங்கு மறுபடி மார்க்கெட்டில் என்றான். அவன் கையில் மெட்ராஸிலிருந்து வந்த கடுதாசி இருந்தது. கோவிந்தம்மாள் அதை நம்பி ஒரு காரியம் செய்தாள். கிணற்றில் கிடந்த கொஞ்சம் தண்ணீரை வைத்து மல்லாட்டை விதைத்துவிட்டாள். பயிர் பூவெடுப்பதற்குள் பங்கை விற்று, போரைப் போட்டுவிடலாம் என்று திட்டம். பாண்டுரங்கன் அபூர்வமாக வாயைத் திறந்தான். "பங்கு வரட்டுமே, அப்புறம் வெதைக்கலாமே?"

"வெதைக்கிற பட்டம் இன்னா உங்க கோர்ட்டா, வாய்தா குடுத்துக்கினு ஒக்காந்திருக்க?" என்று ஒரே போடாகப் போட்டாள். அவன் வாயை மூடிக்கொண்டான். மூடாமல் இருந்திருக்கலாம்.

தை பிறந்தது. பங்கு வரவில்லை. பயிர் வந்தது, நன்றாகவே வந்தது. மாசியில் மஞ்சள் மஞ்சளாகப் பூவெடுத்து, விழுது மண்ணில் இறங்குகிற நேரத்தில் கிணறு தரையைத் தட்டிவிட்டது. இப்போது தண்ணீர் விடாவிட்டால் காய் இறங்காது, மாட்டுக்குக் கொடிதான் மிஞ்சும். வரப்புக்கு அந்தப் பக்கம் பெரியதம்பியின் போர் பொழுதன்றைக்கும் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்கக் கேட்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம்தான் பாலாறு பங்கு மார்க்கெட்டுக்குத் திரும்பி வந்தது. அதுவும் எப்படி! அடக்கிவைத்திருந்ததெல்லாம் சேர்ந்து விலை கிடுகிடுவென்று ஏறியது. பேப்பரில் பார்த்த வாத்தியார் மாடிப்படியிலேயே கைதட்டினாராம். கோவிந்தம்மாள் போர் லாரிக்காரனிடம் அட்வான்ஸ் இல்லாமலே நாள் குறித்துவிட்டு, பத்திரத்தை மஞ்சள் பையில் வைத்து, முதல் பஸ்ஸில் விழுப்புரம் போய் இறங்கினாள்.

மாடியில் திருவிழாக் கூட்டம். சவுரிராயன் பிஸ்கட் டப்பாவோடு வந்திருந்தார். தேவநாதன் அவர் பத்திரத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்து, ஒரு பாரத்தில் கையெழுத்து வாங்கி இரண்டையும் சேர்த்துக் குத்தி வைத்தான். "முடிஞ்சுதுங்க ஐயா. இன்னிக்கே மெட்ராசுக்குப் போவுது." அடுத்து கோவிந்தம்மாள். பையிலிருந்து அவள் எடுத்ததைப் பார்த்ததும் தேவநாதனின் முகம் தொங்கிப்போனது.

"இன்னாக்கா இது?"

"பங்குதான். இன்னா, கண்ணு தெரியலயா?"

"இதுக்கு மேல எதுக்குக்கா பிளாஸ்டிக் போட்டீங்க?"

"கரையான் திங்காம இருக்கத்தான். நல்லா இருக்குது இல்ல?"

தேவநாதன் தலையில் கைவைத்தான். பிறகு சவுரிராயனின் பத்திரத்தைத் திருப்பி, முதுகுப் பக்கத்தைக் காட்டினான். அங்கே கட்டம் கட்டமாகக் காலி இடம் இருந்தது. "யக்கா, பங்குன்னா இந்தக் காகிதமே கை மாறணும். வாங்கறவன் பேர இந்தக் கட்டத்துல எழுதி, கம்பெனி சீல் அடிச்சுக் கையெழுத்துப் போடணும். பிளாஸ்டிக் மேல எங்க எழுதுவான்? எந்த புரோக்கரும் இத கையால தொட மாட்டான்."

"அடப்பாவி! இத நீ மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"இப்பிடிப் பண்ணுவீங்கன்னு நான் கனாவா கண்டேன்? எனக்குத்தான் நீங்க காட்டவே இல்லியே!"

"புதுசா எழுதிக் குடுக்கச் சொல்லு. நெலம் விக்கிறப்ப பழைய பத்திரத்து மேலயா எழுதறாங்க?"

"குடுப்பாங்கக்கா. இத கம்பெனிக்கு அனுப்பி, முத்திரத்தாள்ல பாண்டு எழுதிக் குடுத்து, அவங்க போர்டு மீட்டிங்கு வெச்சு, வேற பத்திரம் போட்டு அனுப்புவாங்க. ஆறு மாசம் ஆவும். அதுக்கு மேலயும் ஆவலாம்."

"என் பயிரு ஆறு நாள் தாங்காதுப்பா!"

அவள் குரல் கேட்டு மாடிப்படியில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். சவுரிராயன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க ஐயா" என்று அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நேராக லேமினேஷன் கடை.

"பிரிச்சுக் குடு."

கடைக்காரன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஒட்டறதுக்குத்தாம்மா மெஷின் இருக்குது. பிரிக்கறதுக்கு எவன் கண்டுபுடிச்சிருக்கான்?"

"பிளேடு இல்ல? ஜல்தி எடு."

அவன் பயந்துகொண்டே ஒரு மூலையில் பிளேடை விட்டு நெம்பினான். பிளாஸ்டிக் எழுந்தது. அதோடு காகிதத்தின் மேல் தோலும் எழுந்தது, ஓரத்துப் பச்சைப் பூவேலை பாதி பிளாஸ்டிக்கோடு போனது. இன்னும் ஒரு விரற்கடை போனால் அவள் பேர். "நிறுத்துடா!" என்று பிடுங்கிக்கொண்டாள். யாரைத் திட்டுவது? கடைக்காரன் சொன்னதைச் செய்தான். தேவநாதனுக்கு அவள் காட்டவே இல்லை. கம்பெனிக்காரனைத் திட்டலாம், ஆனால் அவன் கடைசியில் பங்கைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டானே! பஸ்ஸில் வரும்போது கண்டக்டர் சில்லறை பாக்கி வைத்தான். அவள் கேட்கவே இல்லை.

திண்டிவனத்தில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் பெருமுக்கல் பஸ்ஸைப் பிடித்தாள். பெரியதம்பி போர் செட்டு வாசலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நிலத்தில் அவருடைய ஆட்கள் நாலைந்து பேர் களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"வாம்மா. இன்னா இந்தப் பக்கம்? டெலிபோன் கம்பெனி மறுபடி வந்துடுச்சாமே, பேப்பர்ல போட்டிருந்தான்."

"பயிருக்குத் தண்ணி வேணும் மாமா."

"ஓ, பேஷா! நம்ம பயிருதான அது? கரண்டு, மோட்டாரு எல்லாம் செலவு இருக்குது இல்ல... வெளைச்சல்ல பாதி குடுத்துடும்மா. இன்னா சொல்ற?"

பாதி! கரண்டுக்கு என்னமோ கொட்டிக்கொடுக்கிற மாதிரி. பக்கத்து ஊரில் தண்ணீருக்குக் கால் பங்கு வாங்குகிறார்கள், அதையே அநியாயம் என்று பேசிக்கொள்கிறார்கள். களை வெட்டுகிறவர்கள் அடுத்து வரப்போகிற பேச்சைக் கேட்கக் கொத்தை நிறுத்திக் காத்திருந்தார்கள். கோவிந்தம்மாள் பேரம் பேசாத காரியம் உண்டா? அவள் தன் பயிரைத் திரும்பிப் பார்த்தாள். இலையெல்லாம் மடங்கிக்கொண்டிருந்தது.

"சரி" என்றாள்.

பெரியதம்பியே ஒரு நிமிஷம் நம்பாமல் பார்த்தார். பிறகு எழுந்துபோய்த் தண்ணீரைத் திருப்பிவிட்டார்.

வாய்க்காலில் நுரை தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தது. கோவிந்தம்மாள் புடவையைத் தூக்கிச் செருகி, முதல் மடையை வெட்டிவிட்டு வரப்பில் உட்கார்ந்தாள். மஞ்சள் பை மடியில் இருந்தது. என்ன தோன்றியதோ, பத்திரத்தை எடுத்து, ஓடுகிற தண்ணீருக்குள் முழுசாக முக்கிப் பிடித்தாள். பிளேடு பட்ட மூலையை மட்டும் கட்டைவிரலால் இறுக்கி மூடிக்கொண்டாள். பிறகு எடுத்து முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். கம்பெனி பேர், அவள் பேர், கீழே சிவப்பு சீல், எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது.

"அந்த பிளாஸ்டிக் கடைப் பாவி ஒருத்தன் சொன்னதுதான் நெசம்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, அதைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த மடையை வெட்டப் போனாள்.