ராஜாங்கம் மேஸ்திரி டிவி தேர்ந்த சரித்திரம்

மரக்காணத்தில் ஒரு பொருளை வாங்க இரண்டு வழிகள் உண்டு. கடைக்குப் போய் வாங்குவது ஒன்று. ராஜாங்கம் மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய் வாங்குவது இன்னொன்று. முதல் வழியில் வாங்கியவர்களைப் பற்றி ஊரில் யாரும் பேசுவதில்லை. பேசினால் அவர்கள் மனம் புண்படும்.

இந்தப் பதவி அவருக்குச் சும்மா வந்துவிடவில்லை. உப்பளத்தில் வாரிக் குவித்த உப்பு எந்தத் தரம் என்று சொல்வது மேஸ்திரியின் வேலை. ராஜாங்கம் குவியலுக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுப்பார். இறுக்குவார். வெயிலுக்கு நேரே கையை விரிப்பார். இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்ப்பார். வெளேரென்று இருந்தால் "முதல் தரம்" என்பார். இல்லாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் கையைத் தட்டிவிடுவார். லாரிக்காரர்கள் அந்தத் தட்டுக்கு நடுங்குவார்கள்.

உப்புக்குச் சரியாக இருந்தது உலகத்துக்கும் சரியாகத்தானே இருக்கவேண்டும்? ஆகவே வேட்டி, அரிசி, குளியலறை டைல்ஸ், பசுமாடு எல்லாவற்றையும் அவர் ஒற்றைக் கண்ணால் பார்த்து, எது அதிகம் வெள்ளையோ அதைக் காட்டினார். அடுத்த தெரு அஞ்சம்மாள் மகளுக்கு வந்த மாப்பிள்ளைகளில் பல் வெளுத்தவனைத் தேர்ந்து கொடுத்ததும் அவர்தான். அவன் பல்பொடி விற்கிறவன் என்பது தாலி கட்டிய பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் தங்கமான பையனாக அமைந்துவிட்டான். அந்தப் பெருமையும் மேஸ்திரி கணக்கிலேயே வரவு வைக்கப்பட்டது.

அவருடைய மனைவி கமலாம்பாள் அதே உப்பளத்தில் கூடை தூக்குகிறவள். பாத்தியில் வாரிய ஈர உப்பைத் தலையில் சுமந்துபோய் மேட்டில் கொட்டவேண்டும். மேலே வெயில், கீழே வெயிலைத் திருப்பி அடிக்கிற உப்பு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வெள்ளைக்குள்ளேயே நடந்து நடந்து அவள் கண்கள் சுருங்கி, எப்போதும் லேசாக நீர் கசிந்தபடி இருந்தன. இலவசக் கண் முகாமில் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணு கூசறதைப் பாக்காதீங்கம்மா" என்றார்.

"அப்ப வேலைக்குப் போவ வேணாங்களா?"

டாக்டர் சற்று யோசித்து, "வீட்டுக்கு வந்த பிறகாவது பாக்காதீங்க" என்று வைத்தியத்தைத் திருத்திக்கொண்டார்.

வீட்டில் இருந்ததோ ஒரு பழைய டிவி. உப்புக்காற்று அதன் பின்பக்கத்தைத் தின்று, படமும் உப்பளம் மாதிரியே வெளுத்துவிட்டது. கமலாம்பாள் முந்தானையை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, அந்த நிழலுக்குள்ளிருந்து நாடகம் பார்ப்பாள். தேர்தல் முடிந்த கையோடு, 2006 மே மாதத்தில், அந்தப் பெட்டியும் தன் ஆட்டத்தை முடித்துக்கொண்டது.

சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் மகள் கீதாஞ்சலி போன் செய்தாள். "அப்பா, சுவத்துல மாட்டற பிளாட் டிவி வாங்கித் தரேன். பிளாஸ்மான்னு ஒண்ணு இருக்குது, எல்சிடின்னு ஒண்ணு இருக்குது. எதுன்னு பாத்து வைங்க. ஞாயித்துக்கிழமை பாண்டிச்சேரிக்கு வந்துடறேன். ஆனா ஒண்ணு, அம்மா கண்ணுக்கு ஒத்துக்கறதா இருக்கணும்."

"உங்கம்மா கண்ணுக்கும் சேத்து நான்தான பாக்கறேன்" என்றார் ராஜாங்கம். அதில் அவருக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருக்கவில்லை.

செய்தி ஊரில் பரவியது. பக்கத்து உப்பளத்து மேஸ்திரி காசிலிங்கம்தான் முதலில் வந்தார். ராஜாங்கம் என்றைக்காவது சறுக்குவார், அன்றைக்குத் தாம் பக்கத்தில் இருக்கவேண்டும் என்ற ஒரே லட்சியத்தோடு வாழ்ந்துகொண்டிருப்பவர் அவர்.

"ஏம்பா, கவர்மெண்ட்டே வூட்டுக்கு ஒரு கலர் டிவி தரேன்னு சொல்லிட்டான். அதுக்குள்ள இன்னா அவசரம்?"

"அது குடுக்கறத வாங்கிக்கறது. இது பாத்து எடுக்கறது."

"பாத்து எடு, பாத்து எடு. ஊரே பாக்குது. அடுத்தவனுக்கு எடுத்துக் குடுத்தது பெரிசில்ல. சொந்த வூட்டுக்கு எடுக்கறதுலதான் ஆளு தெரிவான்."

ராஜாங்கத்துக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. காசிலிங்கம் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. காசிலிங்கம் சொன்னதில் நியாயம் இருந்ததே அவருக்குப் பெரிய வேதனை. இதில் தவறினால் இத்தனை வருஷப் பேரும் தண்ணீரில் விழுந்த உப்புதான்.

ஆகவே முறைப்படி ஆராய்ச்சியில் இறங்கினார். கூனிமேட்டில் ஜப்பார் பாய் வீட்டில் பிளாஸ்மா இருந்தது. துபாயிலிருந்து மகன் கொண்டுவந்தது. ராஜாங்கம் பஸ் ஏறிப் போனபோது பாய் ரிமோட்டும் கையுமாக, பரீட்சை எழுதுகிறவர் போல உட்கார்ந்திருந்தார். ஒரு பாட்டு வந்தது. பாதியில் மாற்றினார். செய்தி வந்தது. வாசிக்கிறவர் வாயைத் திறப்பதற்குள் அவரும் போனார்.

"இன்னா பாய், ஒண்ணுமே புடிக்கலியா?"

"புடிக்காம இல்ல மேஸ்திரி. ஒரே சேனல்ல ரொம்ப நேரம் நின்னா, அந்த மூலையில இருக்குதே சின்னம், அது கண்ணாடியில அப்படியே தழும்பாப் பதிஞ்சிடும்னு பையன் சொல்லிட்டுப் போயிட்டான். அதான் மாத்திக்கினே இருக்கேன்."

உள்ளேயிருந்து பாயின் மனைவி குரல் கொடுத்தார்: "அண்ணே, அந்த நாடகத்துல மாமியா செத்தாளா பொழைச்சாளான்னு ரம்ஜான்லேர்ந்து எனக்குத் தெரியல. நீங்களாவது கேட்டுச் சொல்லுங்க."

ராஜாங்கம் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். பட்டப்பகல். கண்ணாடித் திரையில் தெருவில் போன ஆடு தெரிந்தது. ஒற்றைக் கண்ணை மூடிய அவர் முகமும் தெரிந்தது. வெள்ளையைத் தேடினார். கொஞ்சம் மங்கல்தான். கிட்டே போனால் அடுப்பங்கரை மாதிரிச் சூடும் அடித்தது. கையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார். பிளாஸ்மாவின் தலையெழுத்து அந்த நிமிஷமே எழுதப்பட்டுவிட்டதாக அவர் நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்சேரிக் கடைக்கு ராஜாங்கம், கமலாம்பாள், கீதாஞ்சலி மூவரும் போனார்கள். யாரும் கூப்பிடாமலே காசிலிங்கமும் வந்தார். "சும்மா, பஸ்ஸு காலியா இருந்துச்சி, ஏறிட்டேன்" என்றார்.

கடைக்காரப் பையன் பிரபாகரன் கழுத்தில் டை கட்டியிருந்தான். ஒரே சுவரில் இரண்டு டிவிகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. "லெஃப்ட்ல பிளாஸ்மா சார். ரைட்ல எல்சிடி. காண்ட்ராஸ்ட் ரேஷியோ பாத்தீங்கன்னா..."

ராஜாங்கம் கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். உப்பு வியாபாரத்தில் இருக்கிற யாரும் சாம்பிள் பொட்டலம் இல்லாமல் வெளியூர் போவதில்லை. அதைப் பிரித்து, உள்ளங்கையில் கொட்டி, திரையோரம் நீட்டினார்.

"சார், சார், மேல சிந்திடப் போவுது!"

"சிந்தாது. ஏதாச்சும் வெள்ளையா ஒண்ணு போடு தம்பி."

பிரபாகரன் இப்படி ஒரு வாடிக்கையாளரைத் தன் பயிற்சியில் படித்ததில்லை. இருந்தாலும் பனிமலைப் படம் ஒன்றைப் போட்டான். கடையில் மற்றவர்களும் கூடிவிட்டார்கள். ராஜாங்கம் இடது கண்ணை மூடினார். பிளாஸ்மாவின் பனி, கையிலிருந்த உப்புக்கு முன்னால் மழையில் நனைந்த இரண்டாம் தரம். எல்சிடியின் பனியோ, அப்பப்பா! பங்குனி மாதத்தில் முதலில் வாரிய உப்பு போலக் கண்ணைப் பறித்தது.

"காசிலிங்கம், நீயே சொல்லு."

காசிலிங்கம் குனிந்தார், நிமிர்ந்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். குறை கிடைக்கவில்லை. "எல்சிடிதான் வெள்ளை" என்று, பல்லைப் பிடுங்கிக் கொடுக்கிறவர் போலச் சொன்னார்.

தீர்ப்பை வாய்திறந்து சொல்ல ராஜாங்கம் திரும்பினார். குடும்பத்தைப் பக்கத்தில் நிறுத்திச் சொல்வதுதானே முறை. கமலாம்பாளைக் காணோம்.

அவள் விற்பனைக்கு வைத்திருந்த ஒரு சோபாவின் ஓரத்தில், பிளாஸ்மாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். பனிமலை போய், ஏதோ ஓர் ஊரின் ராத்திரிக் கடல் ஓடிக்கொண்டிருந்தது. கறுத்த தண்ணீர், கறுத்த வானம், நடுவில் இரண்டு மூன்று படகு விளக்குகள். முந்தானை தோளில் கிடந்தது. நெற்றியில் சுருக்கம் இல்லை. அவள் கண்கள் முழுசாகத் திறந்திருந்தன.

ராஜாங்கம் திகைத்துப்போனார். அவ்வளவு பெரிய கண்களா? கல்யாணப் பந்தலில் ஒருமுறை பார்த்த ஞாபகம் மங்கலாக வந்தது. அதற்குப் பிறகு உப்பளத்தில் பார்த்தது, வாசலில் பார்த்தது எல்லாம் சுருங்கிய கண்தான். அதுதான் அவள் முகம் என்றே அவர் இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தார். தரம் பார்ப்பதில் சுற்றுவட்டாரத்தில் பேர்போன மனிதர்!

"இன்னா கமலா, இங்க உக்காந்துட்ட?"

"இதுல இருட்டு நல்லா இருக்குதுங்க."

"இருட்டா?"

"ஆமாங்க. அந்தப் பொட்டியில இருட்டு சாம்பலாட்டம் வெளுப்பா இருக்குது. இதுல இருட்டு இருட்டாவே இருக்குது. கண்ணு குளுகுளுன்னு இருக்குது."

காசிலிங்கம் கடையே கேட்கும்படி சிரித்தார். "இருட்டப் பாக்கவா டிவி வாங்கறாங்க? கரண்டு போனா சும்மாவே தெரியுமேம்மா!"

கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள். கமலாம்பாள் வெடுக்கென்று எழுந்தாள். கண்கள் பழையபடி சுருங்கிவிட்டன. "எனக்கு இன்னாங்க தெரியும். நீங்க பாத்து எதுன்னாலும் சரி" என்று மகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

கீதாஞ்சலி அப்பாவைப் பார்த்தாள். காசிலிங்கமும் பார்த்தார். பிரபாகரன் பில் போடும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தான். ராஜாங்கத்தின் உள்ளங்கையில் வியர்வை பட்டு உப்பு கரைய ஆரம்பித்தது.

"தம்பி, அதைக் கட்டு" என்றார். விரல் இடதுபக்கம் நீண்டது.

"சார், அது பிளாஸ்மா."

"தெரியுது. கட்டு."

"மேஸ்திரி!" என்று அலறினார் காசிலிங்கம். "அது ரெண்டாம் தரம்பா!"

"ரெண்டாம் தரந்தான்."

காசிலிங்கம் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. முதல் பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போய்விட்டார். கடை வண்டியில் டிவி வந்து சேருவதற்குள் ராஜாங்கம் மேஸ்திரி சறுக்கிய சேதி, மீன்காரர் குப்பம் வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டது.

சாயங்காலம் பெட்டியைச் சுவரில் மாட்டி முடித்தபோது வீட்டுக்குள் நிற்க இடமில்லை. உப்பளத்திலிருந்து நேராக வந்த பெண்கள் சமையலறை வாசல்வரை வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். பக்கவாட்டில் உட்கார்ந்தவர்களுக்கும் படம் நேராகத் தெரிகிறதே என்று ஒருத்தி ஆச்சரியப்பட்டாள். காசிலிங்கம் நடு இடத்தைப் பிடித்திருந்தார். திரையில் ஒருவர் வெள்ளைச் சட்டையில் வந்ததும் தொண்டையைச் செருமினார்.

"மேஸ்திரி, அந்தச் சட்டையப் பாருங்க. துவைக்காத மாதிரி இல்ல?"

அத்தனை தலையும் ராஜாங்கத்தின் பக்கம் திரும்பியது. பஸ்ஸில் வரும்போதே அவர் சில பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தார். மகள் ஆசைப்பட்டாள் என்று சொல்லலாம். கடைக்காரன் எல்சிடி ஸ்டாக் இல்லை என்றுவிட்டான் எனலாம். பழகப் பழக வெளுக்கும் என்றுகூட ஒன்று வைத்திருந்தார். அது அவருக்கே மிகவும் பிடித்த பதில்.

கமலாம்பாள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். இவர் பக்கம் திரும்பவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பெரிய கண்களோடு.

"ஆமா, மங்கல்தான்" என்றார் ராஜாங்கம். "நான் எடுத்திருந்தா அந்த வெள்ளையத்தான் எடுத்திருப்பேன். இது நான் எடுத்ததில்ல. கமலா எடுத்தது."

மேஸ்திரி கூடப் போயும் இன்னொருவர் தேர்ந்தெடுத்த பொருள் என்று ஒன்று அந்த ஊரில் அதுவரை இல்லை. காசிலிங்கத்தின் முகம் மலர்ந்தது. இத்தனை வருஷக் காத்திருப்புக்குப் பலன் கிடைத்துவிட்டது. "அப்ப இனிமே..." என்று ஆரம்பித்தார்.

"அண்ணே, கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் கூடை தூக்குகிற சின்னப்பாப்பா. "நாளு பூரா வெள்ளையில வெந்துட்டு வர்றோம். வூட்டுக்கு வந்தும் வெள்ளையா? எங்க கண்ணுக்கு இதான் சொகமா இருக்குது. கமலாக்கா சரியாத்தான் எடுத்திருக்குது."

அந்த வரிசையில் இருந்த பெண்கள் எல்லோருமே நெற்றிச் சுருக்கம் இல்லாமல் உட்கார்ந்திருப்பதை ராஜாங்கம் அப்போதுதான் கவனித்தார். பாதிப் பேரை அவருக்கு அடையாளமே தெரியவில்லை.

"காசிலிங்கண்ணே, தலை மறைக்குது, நவுந்து உக்காருங்க" என்றாள் கமலாம்பாள். காசிலிங்கம் நகர்ந்தார்.

ஊர் சும்மா இருக்குமா? அடுத்த வாரமே அஞ்சம்மாள் வந்து வாசலில் நின்றாள். கிரைண்டர் வாங்கவேண்டுமாம். ராஜாங்கம் எழுந்து சட்டையை மாட்டப் போனார்.

"நீங்க உக்காருங்க மேஸ்திரி. கமலாவக் கூட்டினு போறேன்."

மாட்டிய கையைச் சட்டையிலிருந்து உருவிக்கொண்டு அவர் உட்கார்ந்தார். ஓர் அரசாங்கம் கைமாறும்போது ரத்தம் சிந்தாமல் மாறுவது அபூர்வம். இங்கே ஒரு டம்ளர் காப்பி மட்டும்தான் ஆறிப்போனது. நினைத்த அளவுக்கு வருத்தம் வரவில்லையே என்றுதான் அவருக்கு வருத்தமாக இருந்தது. விசிறியை எடுத்துக்கொண்டு, டிவி போட்டு, ராத்திரிக் காட்சி ஏதாவது வருகிறதா என்று தேடினார்.

பொழுது சாய்வதற்குள் இருவரும் கிரைண்டரோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அஞ்சம்மாள் தண்ணீர் குடிக்க உள்ளே போனாள்.

"இன்னா பாத்து எடுத்த?" என்று ராஜாங்கம் தொழில்முறையில் விசாரித்தார்.

"பாக்கலங்க. தூக்கினேன்" என்றாள் கமலாம்பாள். "கடையில இருந்த எல்லாத்தையும் ஒவ்வொண்ணாத் தூக்கி எறக்கினேன். தினம் தூக்கிக் கழுவி வைக்கறவளுக்கு இடுப்பு தாங்கணும் இல்ல? கடைக்காரன்தான் பயந்துட்டான்."

அவளும் உள்ளே போனாள். ராஜாங்கம் கிரைண்டரைச் சுற்றி ஒரு வலம் வந்தார். ஒற்றைக் கண்ணை மூடவில்லை. தெருவில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு குனிந்து அதைத் தூக்கிப் பார்த்தார்.

நல்ல தேர்வுதான்.