பியர் குரூப்பில் சொன்னதும் சொல்லாததும்

இங்கிலாந்துக்கு வந்து மூன்று வருடமாகியும் எனக்குப் பிடிபடாத ஒரு பழக்கம் இது. மனநல மருத்துவர்கள் நாலு பேர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, தேநீரும் பிஸ்கட்டுமாக, அவரவர் தப்பைச் சொல்கிறோம். பியர் குரூப், அதாவது சக மருத்துவர் குழு, என்று பெயர். தொழிலில் தொடர்ந்து கற்கிறோம் என்று வருடக் கடைசியில் ஒருவருக்கொருவர் கையெழுத்துப் போட வேண்டும். மற்ற மூவருக்கும் என் தப்புகளெல்லாம் அத்துபடி. என் வீடு எந்தத் தெருவில் என்று ஒருவருக்கும் தெரியாது.

போன தடவை என் முறை. என்னிடம் சிகிச்சைக்கு வந்த டேனி என்ற முப்பது வயது பஸ் ஓட்டுநரைப் பற்றிச் சொன்னேன். "அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், கவலைப்படுவார்" என்று கேட்டுக்கொண்டவர். உயிருக்கு ஆபத்து ஒன்றுமில்லை. இருந்தும் நான் அந்த அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். அதோடு டேனி வருவதை நிறுத்திவிட்டார்.

போன் போட்டபோது அது எனக்குத் தப்பாகவே தோன்றவில்லை, அதுதான் கொடுமை. தூத்துக்குடியில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் நோயாளி வாயைத் திறப்பதற்குள் அம்மா பேசிவிடுவாள். பெரியதாழையிலிருந்து, கடலுக்குப் போகும் மகனைக் கூட்டிவந்த ஒருத்தி, "டாக்டரம்மா, இவன் மூணு நாளா உறங்கல. யார்ட்டயும் பேச மாட்டேங்கான். எங்கிட்ட சொல்லுங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். பார்த்துக்கொள்ளவும் செய்தாள். மகனுக்குச் சம்மதமா என்று நான் கேட்கவே இல்லை.

குரூப்பில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மூத்தவரான மார்கரெட், "மன்னிப்புக் கேட்டு அவருக்கு எழுதலாமே" என்றார். பிறகு, "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்றார். "நன்றாக இருக்கிறேன், நன்றி" என்றேன். சும்மா கேட்கிறார் என்று நினைத்தேன். அவரோ நிஜமான பதிலுக்குக் காத்திருந்தார். அது புரிந்த பிறகும் நான் இன்னொரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டேன்.

தூத்துக்குடியில் என்னோடு வேலை பார்த்த செல்வியிடம், ஆள் யாரென்று காட்டாமல், இதைச் சொன்னேன். "டாக்டரு மன்னிப்பு கேக்கதாவது? ஏளா, ஒனக்குக் கோட்டி பிடிச்சிட்டா?" என்று சிரித்தாள். கோட்டி என்றால் பைத்தியம்; நாங்கள் இருவரும் நோயாளிகள் முன் சொல்லவே கூடாத வார்த்தை அது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் கடிதத்தை எழுதிப் போட்டேன்.

மூன்றாவது வாரம், ஒரு காலையில், டேனி வந்தார். கோபம் தீரவில்லை. "அம்மா இப்போது தினமும் போன் செய்கிறார். நன்றாக இருக்கிறேன் என்று தினமும் பொய் சொல்கிறேன். அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா உங்களுக்கு?" என்றார். அப்பாடா, வந்தாரே என்று இருந்தது எனக்கு.

அன்று மதியம் ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

"சாப்ட்டியாளா? அங்கன பேச்சுத் துணைக்கு ஆள் இருக்காவளா?"

"நெறைய பேரு இருக்காவம்மா" என்றேன்.