எலிக்குச் சொன்ன பிஸ்மி

"கொஞ்சம் இரிங்க டீச்சர், எலியொண்டு நிக்கிது."

புத்தளம் பஸ் நிலையத்தில் நான் வழக்கமாக ஏறும் ஓட்டோக்காரர், போனிலிருந்து தலையைத் தூக்காமலே இப்படிச் சொல்வார். வெள்ளைத் தாடி, மூக்கு நுனியில் கண்ணாடி; அண்ணன் முறையில் நான் அவரை 'நானா' என்பேன். எதிலும் 'அல்லாஹ்வின் பெயரால்' என்று பிஸ்மி சொல்லித்தான் கை வைப்பார். கோழி அறுக்கவும் பிஸ்மி, எஞ்சினை இழுக்கவும் பிஸ்மி, வீடியோ கேமில் வரும் எலியை அடிக்கவும் பிஸ்மி.

அந்தக் கேமில் எலி ஒரு அற்ப எதிரி. ஒரே அடியில் செத்துவிடும். அது செத்தால் நம் ஆளுக்கு ஒரு உயிர் கூடும்.

ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிற எரிச்சலில் கேட்டுவிட்டேன்: "பிஸ்மி செல்லி அடிக்கிறீங்களே நானா, அறுத்துத் திங்கவா போறீங்க?"

அவர் விரல் அப்படியே நின்றது.

"அது செத்தாத்தானே எனக்கு உசிரு கூடுது. அப்ப, இவ்வளவு நாளும் மார்க்கத்தில ஆகாத எலியையா நான் திண்டிருக்கேன், டீச்சர்?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அவர் எலியை அடிப்பதில்லை, தாண்டிப் போகிறார். அடிபடாமல் விட்ட எலிகள் பின்னால் வந்து கடிக்க, உயிர் போதாமல் மூன்றாம் கட்டத்தில் அவருடைய ஆள் தினமும் செத்து விழுகிறான். அப்போதெல்லாம் மையித்து கிடக்கும் சாவு வீட்டில் சொல்வதுபோல் "இன்னாலில்லாஹி" என்று முணுமுணுத்துவிட்டு, மெதுவாக என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

கடித்தது எலிதான். கொலைப்பழி மட்டும் எனக்கு.