பெட்டியில் படுத்த மாப்பிள்ளை

என் மாமா முதன்முதலாகத் தொலைக்காட்சியில் வந்தபோது செத்துப்போயிருந்தார். அதுவும் அவருடைய கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்த அதே ஞாயிற்றுக்கிழமை.

எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் கல்யாணம் என்றால் அதற்கு முந்தைய மூன்று ஞாயிறும் பூசையில் மாப்பிள்ளை பெயரையும் பெண்ணின் பெயரையும் வாசிப்பார்கள். இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் தெரிவிக்க வேண்டும் என்று அறிவிப்பார்கள். அதற்குத்தான் ஓலை என்று பெயர். மூன்றாவது ஓலை முடிகிறவரை கல்யாண வீட்டில் யாருக்கும் சோறு ஒழுங்காக இறங்காது. என் அம்மாவுக்கு அந்த வருஷம் சுத்தமாக இறங்கவில்லை.

காரணம், மாமா அம்மாவின் ஒரே தம்பி. தாயும் தகப்பனும் போன பிறகு அம்மாதான் அவரை வளர்த்தாள். குடவாசலில் அவருக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோ இருந்தது. கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று எதற்குக் கூப்பிட்டாலும் கேமராவோடு போய்விடுவார். அதோடு நின்றிருந்தால் ஊரில் பெண்ணுக்குப் பஞ்சமில்லை. நடிப்புப் பைத்தியம் வேறு இருந்தது. பெண் கொடுக்க வந்தவர்களெல்லாம் 'மாப்பிள்ளை சினிமாக்காரரா?' என்று கேட்டுவிட்டு, காபியை மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் நாகப்பட்டினத்தில் ஓர் இடம் அமைந்தது. பெண்ணின் அப்பா துறைமுகத்துக்குப் பக்கத்தில் வலையும் கயிறும் விற்கிறவர். அதிகம் பேசாதவர், சரி என்று சொல்லிவிட்டார். கார்த்திகை மழைக்கு நடுவில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு வாரத் திருவருகைக்காலம் தொடங்குவதற்குள் கல்யாணத்தை முடித்தாக வேண்டும். அந்த வாரங்களில் எங்கள் கோவிலில் கல்யாணம் வைப்பதில்லை. இந்த நாள் தவறினால் பொங்கலுக்கு அப்புறம்தான். அதற்குள் பெண் வீட்டார் மனசு மாறிவிட்டால் தம்பி கடைசிவரை தனிக்கட்டைதான் என்று அம்மா முடிவே கட்டியிருந்தாள்.

இப்போது அந்தத் தொடரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சவப்பெட்டிக் கடை வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் கதை அது. வியாபாரம் படுத்துவிட்டால் அவர்களே ஊரில் யாரையாவது பரலோகத்துக்கு அனுப்பிவைத்து, பிறகு துக்கம் விசாரிக்கப் போய் அளவெடுத்துக்கொண்டு வருவார்கள். ஞாயிறுதோறும் சாயங்காலம் வரும். முதல் பருவம் முடிந்து ஊரே ஏங்கிக்கிடந்தது. வீடு வீடாகக் கூடிச் செபிக்கிற எங்கள் தெருவின் அன்பியக் கூட்டம்கூட, செபமாலையைச் சீக்கிரம் சொல்லி முடித்துக்கொண்டு அந்தக் கொலைகாரக் குடும்பத்தைப் பார்க்க ஓடும். பார்க்கலாமா கூடாதா என்ற கேள்வியை யாரும் சாமியாரிடம் கொண்டுபோகவில்லை. சாமியாரும் பார்க்கிறார் என்று ஒரு பேச்சு இருந்தது.

அதன் இரண்டாம் பருவத்தின் முதல் பகுதியில்தான் மாமா நடித்திருந்தார். என்ன வேடம் என்று யாரிடமும் சொல்லவில்லை. “கதையே என்னைச் சுத்திதான்” என்றார். அது பொய்யில்லை என்பது பிறகு தெரிந்தது.

அன்று எங்கள் வீட்டில் உட்கார இடமில்லை. வெளியே மழை. மாமா புதுச்சட்டை போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தொடர் ஆரம்பித்தது. ஓர் அறை, நடுவில் சவப்பெட்டி, தலைமாட்டில் மெழுகுவத்திகள், சுற்றிலும் அழுகிற பெண்கள். கேமரா மெதுவாக மேலேறிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தது. உள்ளே மாமா.

எல்லோரும் திரையையும் நாற்காலியில் இருந்த மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அப்புறம் ஆளுக்கொரு கருத்து வந்தது. பெட்டி வெறும் பிளைவுட், நாலு பேர் தூக்கினால் அடி கழன்று விழும் என்றார் பக்கத்துத் தெரு ஆசாரி. செபமாலையை விரலில் சுற்றாமல் வளையல் மாதிரி மணிக்கட்டில் மாட்டியிருக்கிறார்களே என்று, கோவிலில் சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் வருத்தப்பட்டார். அழுகிறவர்கள் யாருக்கும் அழவே தெரியவில்லை, எங்களைக் கூப்பிட்டிருந்தால் போய் அழுதுவிட்டு வந்திருப்போமே என்று பெண்கள் சொன்னார்கள். அப்பா மட்டும், “மூச்சே தெரியலடா, நல்லா நடிச்சிருக்க” என்று மாமாவின் முதுகில் தட்டினார். யார் கொலை செய்திருப்பார்கள் என்ற யோசனையில் நான் இருந்தேன். அம்மா நாகப்பட்டினத்தை நினைத்துக்கொண்டிருந்தாள்.

திரையில் அழுது முடித்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். கேமரா மாமாவின் முகத்துக்குக் கிட்டே போயிற்று. சரியாக அந்த நேரத்தில் கரண்டு போய்விட்டது.

“ஐயோ, இப்பதான் முக்கியமான சீனு!” என்று மாமா கத்தினார். “நான் இப்ப கண்ணைத் திறப்பேன் பாருங்க. நான் சாகவே இல்ல!” இருட்டில் யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. அம்மா ஒரு மெழுகுவத்தியை ஏற்றிக்கொண்டுவந்து மாமாவுக்குப் பக்கத்தில் வைக்கப் போனாள். எதிர்வீட்டுப் பெரியம்மா பதறிவிட்டார். “அவன் தலைமாட்டுல வைக்காதடி, தள்ளி வையி” என்றார்.

அன்றைக்கு நாகப்பட்டினத்திலிருந்து போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அம்மா போன் போட்டபோது பெண்ணின் அப்பா, “ம், பாத்தோம்” என்று மட்டும் சொன்னாராம். அந்த ஒரு 'ம்' அம்மாவை அந்த வாரம் முழுக்கப் படுத்தியது. ஓலை வாசித்த அன்றைக்கே மாப்பிள்ளையைப் பெட்டியில் பார்த்தால் யாருக்குத்தான் மனசு வரும் என்று புலம்பினாள். மாமாவோ ஸ்டுடியோவுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பாராட்டு வாங்குவதில் மும்முரமாக இருந்தார். சனிக்கிழமை பெண்ணின் அப்பாவே கூப்பிட்டார். “நாளைக்கு நானும் வீட்டுல அவுங்களும் அங்கயே பூசைக்கு வந்துடுறோம். கொஞ்சம் பேசணும்.”

பேசணும் என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா மாமாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குப் பயந்து நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

இதற்கிடையில் எதிர்வீட்டுப் பெரியம்மா ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். பெட்டியில் படுத்துவிட்டான், தலைக்கு மேலே செபமும் சொல்லிவிட்டார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று மாமாவின் பெயருக்கு ஒரு பூசை வைக்கும்படி உபதேசியாரிடம் சொல்லி வைத்திருந்தார். பிள்ளை நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். ஆனால் அது நவம்பர் மாதம். ஆன்மாக்களின் மாதம். ஊரில் எல்லோரும் செத்துப்போன தங்கள் ஆட்களின் பெயர்களைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா அதுவரை கொடுத்த பெயர்கள் அத்தனையும் அவர் புருஷன், மாமனார், மாமியார் பெயர்கள்தான். உபதேசியார் அந்தப் பழக்கத்தில் இதையும் அதோடு சேர்த்துவிட்டார்.

அந்த ஞாயிறு நாகப்பட்டினத்து ஆட்கள் எங்களுக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் அம்மாவை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஒடுங்கிய முகம், எதையும் நேராகப் பார்க்காத கண்கள். பூசை தொடங்குவதற்கு முன் உபதேசியார் கணீரென்று, இன்னின்னாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று வாசித்துக்கொண்டே வந்து, மாமாவின் ஞானஸ்நானப் பெயரையும் அவர் தகப்பனார் பெயரையும் சேர்த்து வாசித்தார். வாசித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கோவில் முழுக்க ஒரே நேரத்தில் திரும்பி, இளைப்பாறவேண்டிய ஆள் இளைஞர்கள் வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தது.

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பூசை முடியும்போது இரண்டாவது ஓலையை வாசிக்கச் சாமியார் எழுந்தார். மாமாவின் பெயரைப் பார்த்தார். நிறுத்தினார்.

“செத்தவங்களுக்குக் கல்யாணம் பண்ணி வைக்க எனக்கு அதிகாரம் கிடையாது. மாப்பிள்ளை உயிரோட இருந்தா கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்க.”

மாமா எழுந்து நின்றார். கோவிலே சிரித்தது. சின்னப்பிள்ளைகள் கைதட்டினார்கள். பெண்ணின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி, நின்றுகொண்டிருந்த மாமாவை வைத்த கண் வாங்காமல் பார்த்தார். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அம்மா என் கையை இறுகப் பிடித்து, “போச்சு” என்றாள்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் பெண்ணின் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். “தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அன்னைக்கு டிவியில பெட்டியைப் பாத்ததும் இவ எந்திரிச்சு உள்ள போயிட்டா. அதுலேர்ந்து சரியாச் சாப்பிடல, கல்யாணப் பேச்சே எடுக்கல. பையனை நேர்ல ஒரு தடவை பாக்கட்டும்னுதான் கூட்டிட்டு வந்தேன். இங்க வந்தா கோவில்லயும் இப்படி வாசிக்கிறாங்க.”

மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு வாரத்தில் அவர் முகத்தில் பெருமை இல்லாமல் நான் பார்த்தது அப்போதுதான். அவருக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது என்பதும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. “வேண்டாம்னா சொல்லிடுங்க, நான் இனிமே நடிக்கல” என்று அவர் மெல்லச் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பெண்ணின் அம்மா முதல்முறையாக வாயைத் திறந்து, “அதுக்கப்புறம் என்ன வருது?” என்று கேட்டார்.

யாருக்கும் புரியவில்லை.

“அந்தப் பெட்டிக்கு அப்புறம். நான் பாக்கல. இப்பக் காட்ட முடியுமா?”

முடியும். அந்தப் பகுதியை இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். மாமாவின் போனில் அதை எடுத்துப் போட எனக்குத்தான் நன்றாகத் தெரியும் என்பதால் என்னைப் பெண்ணின் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். எங்கள் ஊரில் அப்போது இணையம் எருமை நடை நடக்கும். பெட்டிக்குள் மாமாவின் முகம் வந்ததும் படம் நின்று, வட்டம் சுற்றத் தொடங்கியது. பெண்ணின் அம்மா இந்த முறை எழுந்து போகவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அவர் கை சில்லென்று இருந்தது.

படம் ஓடியது. அறை காலியானது. மாமா ஒரு கண்ணைத் திறந்து இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். பிறகு பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, சோம்பல் முறித்து, “எல்லாருக்கும் காபி குடுத்தீங்களே, எனக்கு?” என்று கேட்டார். இன்சூரன்சுக்காகச் செத்தமாதிரி நடிக்கிறவர் அவர். அடுத்த காட்சியில் கடைக்காரர் கொண்டுவந்து கொடுக்கிற காபியில் நிஜமான விஷம் இருக்கும். குடித்துவிட்டு அதே பெட்டியில் மறுபடி சாய்வார். தொடரின் சாமர்த்தியமே அதுதான்.

ஆனால் கடைக்காரர் காபியோடு வருவதற்குள் பெண்ணின் அம்மா, “போதும்” என்றார். “முதல்லேருந்து போடு பாப்பா.”

போட்டேன். மாமா கண்ணைத் திறந்தார், எழுந்து உட்கார்ந்தார். பெண்ணின் அம்மா மறுபடி நிறுத்தச் சொன்னார். மறுபடி போடச் சொன்னார். எனக்குத் தாங்கவில்லை. “இதுக்கப்புறம்தான் நிஜமான கதை” என்று விளக்க ஆரம்பித்தேன். “மாமா இப்ப சாகல. அந்தக் காபியில—”

“தெரியும் பாப்பா. எம்பொண்ணு சொன்னா. அது வேணாம். எந்திரிக்கிற வரைக்கும் போடு.”

எத்தனை முறை போட்டேன் என்று நினைவில்லை. ஏதோ ஒரு முறை, மாமா சோம்பல் முறிக்கும்போது, பெண்ணின் அம்மா சிரித்தார். கண்ணில் தண்ணீரும் வாயில் சிரிப்புமாகச் சிரித்தார். பிறகு போனை என்னிடம் கொடுத்துவிட்டு அம்மாவைப் பார்த்து, “சாப்பாடு ரெடியா? தம்பி பசியோட இருக்கும்” என்றார். மாமாவை அவர் தம்பி என்று அழைத்ததைக் கேட்டதும் அம்மா அடுப்படிக்குள் போய் அழுதாள். சாப்பிடும்போது அவர் தன் இலையிலிருந்த மீனை எடுத்து மாமாவின் இலையில் வைத்தார்.

மூன்றாவது ஓலையைச் சாமியாரே ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்து வாசித்தார். மழை விட்ட ஒரு காலையில் கல்யாணம் நடந்தது. மாமா நடிப்பை விடவில்லை. பெண்ணின் அம்மாதான் விடக்கூடாது என்றாராம். அதற்குப் பிறகும் அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் பிண வேடங்கள்தான். மூச்சடக்குவதில் கைதேர்ந்தவர் என்று பெயர் வாங்கிவிட்டார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். நன்றாக இருக்கிறார்கள்.

மாமாவைக் கட்டிக்கொண்டு வந்த அத்தைக்கு மேலே ஓர் அண்ணன் இருந்த விஷயத்தை நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அத்தையே சொன்னார். சுனாமி வந்த அன்று காலையில் கடற்கரைக்குப் போனவன். நான் அப்போது பிறந்திருக்கவில்லை. பள்ளிக்கூடங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் கிடத்தியிருந்தவர்களை எல்லாம் முகம் முகமாகப் பார்த்திருக்கிறார்கள். அவன் கிடைக்கவில்லை. அதனால் அவர்கள் வீட்டில் பெட்டி வாங்கவில்லை, மெழுகுவத்தி வைத்து யாரும் சுற்றி உட்கார்ந்து அழவில்லை. மாமாவின் வயதுதான் அவனுக்கும் இருந்திருக்கும் என்றார் அத்தை.

அம்மாவுக்கு இது முன்பே தெரியும். அந்த இரண்டாவது ஓலை ஞாயிறு, நாகப்பட்டினத்துக்காரர்களை வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு வந்து அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பின்னாலேயே போய், நல்ல கட்டம் வருவதற்குள் ஒவ்வொரு தடவையும் நிறுத்தச் சொன்னவர்மேல் இருந்த கோபம் தீராமல், “அவுங்களுக்கு சீரியல் பாக்கவே தெரியலம்மா” என்றேன்.