சாந்தன்பாறைக்கு முந்நூறு விளக்கு

வேலந்தாவளத்தில் தகர விளக்கு செய்து விற்றவர் நூர்தீன். 1954 ஆடியில் சாந்தன்பாறை ஏலத்தோட்டம் ஒன்று முந்நூறு விளக்கு கேட்டு எழுதியது. ஆனால் ஒவ்வொன்றிலும் நாலணா குறைக்க வேண்டுமாம்.

“சந்தையிலயும் இதே வெலைக்குக் கேப்பாங்களே” என்று தயங்கினார்.

“மலையில விக்கறது இங்க யாருக்குங்க தெரியும்? தகரம், கூலி போக ரெண்டணா மிஞ்சுது. மழைக்குப் பட்டறையும் சும்மாதானுங்க கெடக்குது” என்றாள் மனைவி சௌதா.

அவள் வாய்விட்டுச் சொல்லாதது வேறு. மகள் சபியாவை அந்தப் பக்கம்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவளைப் பார்த்து நாலு வருஷமாகிறது. பேரன் முகத்தை இருவரும் கண்டதேயில்லை.

நூர்தீன் ஒப்புக்கொண்டார். சரக்கு லாரியிலேயே இருவரும் மலையேறினார்கள்.

“எத்தன நாள் இருப்பீங்க அத்தா?” சபியா கேட்டாள்.

“லாரி நாளைக்கே திரும்புதம்மா.”

அடுத்த ஆடியில் நூர்தீனே தோட்டத்துக்கு எழுதினார், இன்னும் ஓரணா குறைத்துத் தருவதாக. பதில் வரவில்லை.